தெரியாத டிராக்கில் முதல் நாள்: ரேஸ் டிரைவிங் ஸ்கூல் பிறந்த கதை

இந்த எபிசோட்ல ஒரு வித்தியாசமான ஸ்கூலைப் பத்திப் பேசப் போறோம். ஒரு சனி, ஒரு ஞாயிறு, அவ்வளவுதான் படிப்பு. நீங்க இதுவரை போகாத ஒரு ரேஸ் டிராக். பக்கத்து சீட்ல ஒரு பயிற்சியாளர். ரெண்டு நாள்ல, உங்க காரை அதோட எல்லை வரைக்கும் ஓட்டிப் பார்க்கக் கத்துக்கொடுப்பாங்க. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பல பேருக்கு இது வருஷா வருஷம் போற ஒரு விஷயம். கார் கிளப்புகளே நடத்துது.

இதைக் கேட்டதும் "காசு இருக்கிறவங்க விளையாட்டு" என்றுதான் முதலில் தோன்றும். காசு செலவாகும்தான், மறுக்கல. ஆனா அந்த ரெண்டு நாள்ல சொல்லித்தர்ற ஒவ்வொரு விதிக்குப் பின்னாலும் ஒரு கதை இருக்கு. நிறைய கதைகள்ல உயிர் போயிருக்கு. முன்னாடி தெரியாத ஒரு ரோட்டை ஒரு மனுஷன் எப்படிக் கத்துக்கிறான்? அதை இன்னொருத்தருக்குச் சொல்லிக்கொடுக்க முடியுமா? இந்த ரெண்டு கேள்விக்கும் விடை கண்டுபிடிக்க ரேஸ் உலகத்துக்குப் பல வருஷம் பிடித்தது. அந்த வரலாறுதான் இன்னிக்கு.

ஐந்து மீட்டர் பேப்பர்

1955-க்குப் போவோம். இத்தாலி. மில்லே மில்யா என்று ஒரு பந்தயம். பேருக்கு அர்த்தம் ஆயிரம் மைல். பிரெஸ்சியா நகரத்தில் கிளம்பி, ரோம் வரை போய், திரும்பவும் பிரெஸ்சியா. ஏறக்குறைய 1,600 கிலோமீட்டர். தனி டிராக் எல்லாம் கிடையாது. சாதாரண பொது ரோடு. ஊருக்குள்ள புகுந்து, மலை ஏறி இறங்கி, பாலம் தாண்டிப் போகணும். ரெண்டு பக்கமும் ஜனங்க நின்னு வேடிக்கை பார்ப்பாங்க.

1927-ல் தொடங்கிய இந்தப் பந்தயத்தில் பெரும்பாலும் இத்தாலியர்கள்தான் ஜெயிச்சுட்டு இருந்தாங்க. காரணம் புரியாத ஒன்றில்லை. அவங்க ஊர் ரோடு. எந்த மேட்டுக்குப் பின்னால வளைவு இருக்கு, எது நேரா போகுதுன்னு அவங்களுக்குத் தெரியும். வெளியூர்க்காரன் மேட்டைப் பார்த்தா பிரேக் போடத்தான் செய்வான். அந்தப் பக்கம் என்ன இருக்குன்னு அவனுக்குத் தெரியாதே!

அந்த வருஷம் மெர்சிடிஸ் பென்ஸ் டீமில் ஸ்டிர்லிங் மாஸ் என்ற 25 வயது இங்கிலாந்துக்காரர். அவர் பக்கத்து சீட்டில் டெனிஸ் ஜென்கின்சன் என்ற பத்திரிகையாளர். தாடி வெச்ச, சின்ன உருவம். இவர் முன்னாடி சைட்கார் பைக் பந்தயத்தில் பக்கவாட்டில் தொங்கிக்கிட்டுப் போய் உலக சாம்பியன் ஆன ஆள். அதனால பயம் கொஞ்சம் கம்மி.

ரெண்டு பேரும் பந்தயத்துக்கு முன்னாடியே அந்த ரோட்டைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தாங்க. ஒவ்வொரு ஆபத்தான வளைவையும், மேட்டையும், ரயில்வே கேட்டையும் ஜென்கின்சன் குறிச்சு வெச்சார். அந்தக் குறிப்பெல்லாம் ஐந்து மீட்டருக்கும் மேல நீளமான ஒரே பேப்பர் சுருள் ஆச்சு. அதை ஒரு சின்னப் பெட்டிக்குள்ள போட்டு, கையால சுத்திச் சுத்திப் படிக்கிற மாதிரி செஞ்சாங்க. இஞ்சின் சத்தத்தில் பேச்சு கேட்காது. அதனால கை சைகைதான். இந்த மேட்டில் காலை எடுக்காதே, அந்த வளைவு ரொம்ப மோசம், இப்படி ஒவ்வொன்றுக்கும் ஒரு சைகை.

கார் நம்பர் 722. அதாவது காலை 7:22-க்குக் கிளம்பிய கார். பத்து மணி நேரம் 7 நிமிஷம் 48 விநாடியில் முடிச்சாங்க. சராசரி வேகம் மணிக்கு சுமார் 157 கிலோமீட்டர். டீ குடிக்கிற கடைகளும் வீட்டு வாசல்களும் இருக்கிற ரோட்டில் இது சராசரி என்பதை மனசுல வெச்சுக்கங்க. அந்தச் சாதனையை அதுக்கப்புறம் யாரும் முறியடிக்கவே இல்லை. ரெண்டாவது வந்தவர் யார் தெரியுமா? அதே டீமில் தனியா ஓட்டிய ஃபாஞ்சியோ. அந்தக் காலத்தின் மிகப் பெரிய டிரைவர். அவர் அரை மணி நேரத்துக்கு மேல் பின்னாடி வந்தார்.

இதுதான் முதல் பாடம். ரோட்டைப் பத்தின அறிவு மண்டைக்குள்ள மட்டும் இருக்கணும்னு இல்ல. அதை எழுதலாம். எழுதினதை இன்னொருத்தர் படிச்சுச் சொல்லலாம். ஓட்டுறவன் தன் கண்ணுக்குத் தெரியாத வளைவை அடுத்தவன் சொல்றதை நம்பி ஓட்டலாம்.

அந்த யோசனை யாருடையது?

பேப்பரில் குறிப்பு எழுதும் யோசனையை முதலில் ஜென்கின்சனோடு பேசியவர் ஜான் ஃபிட்ச் என்ற அமெரிக்கர். ரெண்டாம் உலகப் போரில் போர் விமானி. அவரும் மெர்சிடிஸ் டீம்தான். ஆனால் அவருக்கு அந்தப் பந்தயத்தில் கிடைச்சது வேகம் கம்மியான மாடல். மாஸுக்குத்தான் ஜெயிக்கிற கார் இருந்தது. அதனால ஃபிட்ச் அந்த யோசனையையும் ஜென்கின்சனையும் விட்டுக்கொடுத்துட்டார்.

இவர் பேரை ஞாபகம் வெச்சுக்கங்க. கதையில திரும்ப வருவார். ரொம்ப நாள் கூட ஆகாது, ஆறே வாரம்தான்.

1955 ஜூன் 11. பிரான்ஸில் லெ மான் 24 மணி நேரப் பந்தயம். ஃபிட்ச்சும் பியர் லெவே என்ற பிரெஞ்சு டிரைவரும் ஒரே மெர்சிடிஸை மாத்தி மாத்தி ஓட்டணும். முதல் முறை லெவேவுக்கு. ஃபிட்ச் தன் முறைக்காகக் காத்திருந்தார். அந்த நேரத்தில்தான் லெவேவின் கார் முன்னாடி போன இன்னொரு கார் மேல் மோதி, பறந்து, கூட்டத்துக்குள்ள சிதறி விழுந்தது. லெவேவும், பார்வையாளர்களில் 80-க்கும் மேற்பட்டவர்களும் செத்துப்போனாங்க. கார் பந்தய வரலாற்றிலேயே மிக மோசமான விபத்து இதுதான். டீமைப் பந்தயத்திலிருந்து விலக்கச் சொல்லி வற்புறுத்தியவர்களில் ஃபிட்ச்சும் ஒருவர். அன்னிக்கு ராத்திரியே மெர்சிடிஸ் விலகியது.

ரெண்டு வருஷம் கழிச்சு, 1957 மில்லே மில்யா. முடிய இன்னும் கொஞ்ச தூரம்தான் இருந்தது. குயிதிட்ஸோலோ என்ற ஊர்ப் பக்கத்தில் ஒரு ஃபெராரியின் டயர் வெடிச்சது. ஓட்டிய தெ போர்த்தாகோ, கூட இருந்த எட்மண்ட் நெல்சன், ரோட்டோரம் நின்ன ஒன்பது பேர் இறந்தாங்க. அந்த ஒன்பதில் ஐந்து பேர் குழந்தைகள். பொது ரோட்டில் முழுவேகப் பந்தயமா நடந்த மில்லே மில்யா அத்தோட முடிஞ்சது.

ரோட்டிலிருந்து டிராக்குக்கு

இத்தாலியில் மட்டும் இது நடக்கல. அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்தின் வாட்கின்ஸ் கிளென் என்ற ஊரில் 1948-லிருந்து தெருவில் பந்தயம். 1952-ல் வேடிக்கை பார்த்த ஒரு சிறுவன் இறந்தான். 1956-ல் அங்கே தனி டிராக் வந்தது. கலிஃபோர்னியாவில் பெபிள் பீச் காட்டு ரோட்டில் பந்தயம் நடத்தினாங்க. 1956-ல் எர்னி மெக்அஃபி என்ற டிரைவர் மரத்தில் மோதி இறந்தார். அடுத்த வருஷமே பக்கத்தில் லகுனா செகா டிராக் திறந்தாச்சு.

போர் முடிஞ்சதும் சும்மா கிடந்த விமானத் தளங்களும் கைகொடுத்தன. ஏற்கனவே தார் போட்ட நீளமான பாதை, சுத்தி வேலி, பக்கத்தில் வீடு கிடையாது. இங்கிலாந்தின் சில்வர்ஸ்டோன் அப்படி வந்த டிராக். ஸ்நெட்டர்டனும் அப்படித்தான். நம்ம ஊரிலும் இதே கதைதான். சென்னைக்கு வடக்கே சோழவரத்தில் இருந்த போர்க்கால விமான ஓடுதளத்தில்தான் நம்ம ஆளுங்க பல வருஷம் ரேஸ் ஓட்டினாங்க. 1990-ல்தான் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் தனி டிராக் வந்தது.

பூட்டிய கேட்டுக்குள்ள ஒரு டிராக் இருந்தா என்ன வசதி? ஒரே வளைவை நூறு தடவை ஓட்டலாம். எதிரே லாரி வராது. தப்பு பண்ணினாலும் பக்கத்தில் ஓடிப்போய் நிற்க இடம் இருக்கும். அதாவது, அது ஒரு வகுப்பறை ஆகலாம். இங்கிலாந்து ரேஸ் டிரைவர் ஜிம் ரஸ்ஸல் 1950-களிலேயே இதைப் புரிஞ்சுக்கிட்டு, ஸ்நெட்டர்டனில் ஒரு ஸ்கூல் தொடங்கினார். பின்னாளில் உலக சாம்பியன் ஆன பிரேசில்காரர் எமர்சன் ஃபிட்டிபால்டி 1969-ல் அங்கே படிச்சவர்.

பாடத்தை எழுதவும் ஆள் வந்தாங்க. 1957-ன் அந்தக் கடைசி மில்லே மில்யாவை ஜெயிச்ச பியரோ தருஃபி ஒரு இன்ஜினியர். ஒரு வளைவில் எந்தக் கோட்டில் போனா எவ்வளவு வேகம் கிடைக்கும் என்பதைக் கணக்குப் போட்டு, படம் வரைஞ்சு புத்தகமாவே எழுதினார். அதுவரைக்கும் "இது பிறவியிலேயே வரணும்பா" என்று சொல்லிட்டிருந்த விஷயம், ஜியோமெட்ரி பாடம் மாதிரி பேப்பருக்கு வந்தது.

மழையில் ஸ்பா

ஆனா அமெரிக்காவில் இந்த ஸ்கூல் கலாச்சாரம் பெரிசா வேர்விடக் காரணமான ஆள்களில் ஒருத்தர் பாப் பாண்டுரான்ட். அவர் கதைக்கு ரெண்டு விபத்து முக்கியம்.

பாண்டுரான்ட் சாதாரண ஆள் இல்லை. 1964 லெ மானில் டான் கர்னியோடு சேர்ந்து ஷெல்பி டேடோனா கூப் ஓட்டி, ஜி.டி. பிரிவில் ஜெயிச்சவர். 1966-ல் ஃபார்முலா ஒன் ஓட்டிட்டிருந்தார்.

1966 ஜூன், பெல்ஜியத்தின் ஸ்பா. அப்போ அது 14 கிலோமீட்டர் நீளம். கிராமத்து ரோடுகளை இணைச்ச டிராக். ஒரு முனையில் வெயில் அடிக்கும், மறுமுனையில் மழை கொட்டும். அன்னிக்கும் அப்படித்தான். முதல் சுற்றிலேயே பல கார்கள் வழுக்கிப் போச்சு. அதில் ஒன்று ஜாக்கி ஸ்டீவர்ட்டுடையது. பாதையை விட்டு எகிறி, மோதி, நசுங்கி நின்னது. ஸ்டீயரிங் அவர் காலை அழுத்திப் பிடிச்சிருக்கு. உடம்பெல்லாம் பெட்ரோல். ஒரு தீப்பொறி போதும்.

உதவிக்கு யாரும் வரல. மீட்புக் குழு இல்ல, கருவி இல்ல. பக்கத்திலேயே வழுக்கி நின்ன இன்னொரு டிரைவர் கிரஹாம் ஹில் ஓடி வந்தார். அங்கேயே விபத்துக்குள்ளான பாண்டுரான்ட்டும் வந்தார். வேடிக்கை பார்க்க வந்த ஒருத்தரின் கார் டூல் கிட்டிலிருந்து ஸ்பானர் வாங்கி, ஸ்டீயரிங்கைக் கழற்றித்தான் ஸ்டீவர்ட்டை வெளியே எடுத்தாங்க. ஏறக்குறைய 25 நிமிஷம் ஆச்சு. அதுக்கப்புறம் ஸ்டீவர்ட் தன் காரிலேயே ஒரு ஸ்பானரை டேப் போட்டு ஒட்டி வெச்சுக்கிட்டுத்தான் ஓட்டினார். மூன்று முறை உலக சாம்பியன் ஆன அவர், பாதுகாப்பான டிராக், மருத்துவ வசதி, சீட் பெல்ட் என்று போராடியது இந்த 25 நிமிஷத்தில் இருந்து வந்தது.

அடுத்த வருஷம், 1967. வாட்கின்ஸ் கிளென். இப்போ பாண்டுரான்ட் முறை. மணிக்கு சுமார் 240 கிலோமீட்டர் வேகத்தில் அவர் காரின் ஸ்டீயரிங் பாகம் ஒன்று உடைஞ்சது. கார் உருண்டு உருண்டு போச்சு. கால் ரெண்டும் மோசமா நொறுங்கிப்போச்சு. திரும்ப நடக்கிறதே சந்தேகம்னு டாக்டர்கள் சொன்னாங்க.

ஆஸ்பத்திரிப் படுக்கையில் படுத்துக்கிட்டு அவர் யோசிச்சார். முந்தின வருஷம் 'கிராண்ட் பிரி' படத்துக்காக ஜேம்ஸ் கார்னர் உள்ளிட்ட நடிகர்களுக்கு ரேஸ் கார் ஓட்டக் கத்துக்கொடுத்திருந்தார். நடிகருக்கே சொல்லிக்கொடுக்க முடியும்னா, சாதாரண ஜனங்களுக்கு முடியாதா? படுக்கையிலேயே பாடத்திட்டம் தயாராச்சு. 1968-ல் கலிஃபோர்னியாவின் ஆரஞ்ச் கவுன்ட்டி டிராக்கில் ஸ்கூல் திறந்தார். ஆரம்பத்தில் மாணவர்கள் விரல் விட்டு எண்ணக்கூடிய அளவுதான். அதில் ஒருத்தர் 'வின்னிங்' படத்துக்காகக் கத்துக்க வந்த நடிகர் பால் நியூமன்.

நியூமன் படம் முடிஞ்சும் டிராக்கை விடல. நாற்பது வயதுக்கு மேல நிஜமாவே ரேஸ் டிரைவர் ஆனார். 1979 லெ மானில் அவர் டீம் ரெண்டாவது இடம். அப்போ அவருக்கு 54 வயசு. "சின்ன வயசிலேயே கோ-கார்ட் ஓட்டியிருக்கணும்" என்று சொல்றவங்களுக்கு இதைவிட நல்ல பதில் கிடையாது.

அந்த ரெண்டு நாளில் என்ன நடக்கும்?

இப்போ இன்னிக்கு நடக்கிற ஒரு வார இறுதிக்கு வருவோம். காலையில் முதல் வேலை வண்டிப் பரிசோதனை. பிரேக் ஆயில், டயர், வீல் நட்டு. அப்புறம் வகுப்பு. மஞ்சள் கொடின்னா என்ன, சிவப்புக் கொடின்னா என்ன. பல இடங்களில் லேப் டைம் எடுக்கவே விட மாட்டாங்க. நேரம் பார்க்க ஆரம்பிச்சா கத்துக்கிறது நின்னுபோகும், போட்டி தொடங்கிடும். ஓவர்டேக் பண்ணவும் குறிப்பிட்ட நேர்ப் பாதைகளில் மட்டும்தான் அனுமதி. அதுவும் முன்னாடி போறவர் கையை நீட்டி "இந்தப் பக்கம் போ"ன்னு காட்டினாதான். ஜென்கின்சனின் கை சைகை ஞாபகம் வருதா?

டிராக்கில் ஒவ்வொரு வளைவுக்கும் பிளாஸ்டிக் கோன் வெச்சிருப்பாங்க. எங்கே திருப்பணும், வளைவின் உள் ஓரத்தை எங்கே தொடணும், வெளியே எங்கே போய் முடிக்கணும் என்று. அந்தக் கோன்கள் தருஃபி வரைஞ்ச படத்தைத் தரையில் வெச்ச மாதிரிதான்.

அடிப்படைப் பாடம் டயர் பத்தினது. ஒரு டயருக்கு இருக்கிற பிடிமானம் ஒரு அளவுதான். மாசச் சம்பளம் மாதிரி வெச்சுக்கங்க. அதை பிரேக்குக்கும் செலவு பண்ணலாம், திருப்பவும் செலவு பண்ணலாம். மொத்தத்தையும் பிரேக்குக்கே கொடுத்துட்டா, திருப்ப ஒண்ணும் மிச்சமிருக்காது. ஸ்டீயரிங்கைத் திருப்பினாலும் கார் நேராத்தான் போகும். அதனாலதான் பிரேக்கை முதலில் நேர்ப் பாதையில் முடின்னு சொல்றாங்க.

அடுத்து வேகம். 100-ல் போற காரைவிட 140-ல் போற காரை நிறுத்த எவ்வளவு கூடுதல் வேலை? நாற்பது சதவீதம்னுதான் நம்ம மூளை நினைக்கும். ஆனா இயக்க ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தோடு கூடும். கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு. இந்த ஒரு கணக்கைக் காலால் உணர்ந்தவன் அப்புறம் நெடுஞ்சாலையில் முன்னாடி போற பஸ்ஸோட பம்பரை ஒட்டிப் போக மாட்டான்.

தெரியாத டிராக்குக்குன்னே ஒரு விதி இருக்கு. வளைவின் உள் ஓரத்தைக் கொஞ்சம் தாமதமாத் தொடு. ஏன்? சீக்கிரமே உள்ளே திரும்பிட்டா, வெளியே வரும்போது பாதை தீர்ந்துபோகும். தாமதமாத் திரும்பினா, வளைவு நீங்க நினைச்சதைவிட இறுக்கமா இருந்தாலும் வெளிப்பக்கம் இடம் மிச்சமிருக்கும். நேரம் கொஞ்சம் போகும், பரவாயில்லை.

வீடியோ கேம்ல ஓட்டிப் பார்த்துட்டுப் போனா போதாதான்னு கேட்பீங்க. ஓரளவு உதவும். வளைவு வரிசை மனப்பாடம் ஆகிடும். ஆனா லகுனா செகாவின் கார்க்ஸ்க்ரூ வளைவுக்கு வாங்க. மேடு ஏறி உச்சிக்கு வந்து இடது பக்கம் திருப்பணும். திருப்புற நேரத்தில் முன்னாடி பாதையே தெரியாது, வானம்தான் தெரியும். அப்புறம் ஐந்து மாடிக் கட்டடத்திலிருந்து இறங்கற மாதிரி சுமார் 18 மீட்டர் சரிவு, உடனே வலது பக்கம். வயிறு தூக்கிப்போடற அந்த உணர்வு எந்தத் திரையிலும் வராது. அங்கே முதல் தடவை போறவருக்கு ஒரே துணை, பக்கத்து சீட்டில் இருந்து "அந்த மரத்தைப் பாரு, அதை நோக்கிப் போ"ன்னு சொல்ற குரல்தான். மில்லே மில்யாவில் மாஸ் செஞ்ச அதே வேலை. கண்ணுக்குத் தெரியாததை அடுத்தவர் சொல்லை நம்பி ஓட்டுறது.

வேலியைத் தாண்டி

ஜான் ஃபிட்ச்சுக்குத் திரும்பி வருவோம். லெ மானுக்கு அப்புறம் அவர் கனெக்டிகட் மாநிலத்தின் லைம் ராக் டிராக்கை நிர்வகிக்கப் போனார். 1957-ல் திறந்த அந்த டிராக்கின் முதல் மேலாளர் அவர்தான். பின்னாளில் 1975-ல் ஸ்கிப் பார்பர் தொடங்கிய ஸ்கூலும் அந்த டிராக்கோடு சேர்ந்தே வளர்ந்தது.

ஆனா ஃபிட்ச் மனசு டிராக்கோடு நிக்கல. போரின்போது குண்டு துளைக்காம இருக்க, கூடாரத்தைச் சுத்தி மணல் நிரப்பின டப்பாக்களை அடுக்கி வெச்சதைப் பார்த்தவர். அதே மாதிரி மணல் நிரப்பின டிரம்களை நெடுஞ்சாலையில் வெச்சா, மோதற கார் படிப்படியா வேகம் இழந்து நிக்குமேன்னு யோசிச்சார். சோதனைக்கு வேற ஆளைத் தேடல. தானே காரை ஓட்டிப் போய் மோதிப் பார்த்தார். இன்னிக்கு அமெரிக்க நெடுஞ்சாலைகளில், பாதை ரெண்டாப் பிரியற இடத்தில் வரிசையா நிக்கிற மஞ்சள் டிரம்களுக்குப் பேரே 'ஃபிட்ச் பேரியர்'தான்.

நம்ம பக்கமும் ஒரு கதை இருக்கு. 1992-ல் கோயம்புத்தூரிலிருந்து 15 வயசுப் பையன் ஒருத்தன் பிரான்ஸில் எல்ஃப் வின்ஃபீல்ட் ரேசிங் ஸ்கூலுக்குப் போனான். அலைன் ப்ராஸ்ட் மாதிரி சாம்பியன்களை உருவாக்கின இடம் அது. தெரியாத ஊர், தெரியாத டிராக். அங்கே நடந்த போட்டியில் அரையிறுதி வரைக்கும் வந்தான். அவர்தான் நரேன் கார்த்திகேயன். 2005-ல் ஃபார்முலா ஒன் ஓட்டின முதல் இந்தியர்.

எல்லாரும் நரேன் ஆக முடியாது. இந்த ஸ்கூல்களுக்குப் போற பெரும்பாலானவங்களுக்கு அந்த ஆசையும் இல்லை. திங்கட்கிழமை அதே காரை எடுத்துக்கிட்டு ஆபீஸ் போறவங்கதான். ஆனா பிரேக்கை முழுசா அழுத்தினா தன் கார் எங்கே நிக்கும்னு அவங்களுக்குத் தெரியும். கார் வழுக்க ஆரம்பிச்சா கண்ணை எங்கே வைக்கணும்னு தெரியும். நம்மில் பல பேர் லைசென்ஸ் வாங்கினதிலிருந்து ஒரு தடவைகூட பிரேக்கை முழு பலத்தோட மிதிச்சுப் பார்த்ததில்லை. முதல் தடவை அப்படி மிதிக்கிற நாள், குறுக்கே யாரோ ஓடி வந்த நாளா இருக்கும். அதைக் கத்துக்க அது நல்ல நேரம் இல்லை.

ராத்திரியில் ஈ.சி.ஆர். ரோட்டில் ஆக்ஸிலேட்டரை முறுக்கிப் பார்க்கணும்னு கை துறுதுறுன்னா, குயிதிட்ஸோலோவில் ரோட்டோரம் நின்ன அந்த ஐந்து குழந்தைகளை நினைச்சுக்கங்க. அந்த ஆசைக்குன்னு கேட்டுக்குள்ள ஒரு இடம் இருக்கு. நமக்கு அது இருங்காட்டுக்கோட்டையில இருக்கு.

அடுத்த எபிசோட்ல பார்ப்போம். சீட் பெல்ட் போட்டுக்கங்க.